அவசரகாலமும் அன்றாட வாழ்வும்: மலாயாத் திரைப்படப் பிரிவின் கல்விப்படங்கள்

திரைப்படம் என்றவுடன் கதைப்படமே பலருக்கும் நினைவில் எழும். ஆயினும், மலாயாவின் தோட்டப்புறத் தமிழருள் ஒரு தலைமுறையினர் வேறொரு வகைப் படத்தையும் கண்டு வளர்ந்தனர். மாலை வேளையில் அரசாங்கத் தகவல் இலாகாவின் ஊர்தி தோட்டத்திற்கு வரும். திடலில் வெண்திரை கட்டப்படும். நலவாழ்வு, வேளாண்மை, ஊர்ப் பாதுகாப்பு முதலியன பற்றிய குறும்படங்கள் காட்டப்படும். இவற்றைக் கல்விப்படங்கள் என்பதா, பரப்புரைப் படங்கள் என்பதா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசு திரையைத் தன் ஆசானாகக் கொள்வது மலாயாவில் தோன்றிய வழக்கன்று. சோவியத் நாட்டில் 1932ஆம் ஆண்டு அலெக்சாந்தர் மெட்வெட்கின் தொடர்வண்டி ஒன்றையே படக்கூடமாக்கித் தொழிலாளரிடம் சென்றார். அவர்தம் அன்றாட உழைப்பைப் படமெடுத்து, வண்டியிலேயே தொகுத்து, அவர்களுக்கே திரையிட்டார். பொதுவுடைமை ஆட்சி நடந்த நாடுகளில் பின்னரும் இம்முறை தொடர்ந்தது. பொதுவுடைமையை எதிர்த்த பிரிட்டனிலும் ஜான் கிரியர்சன் வழிவந்தோர் ஆவணப்படத்தைக் குடிமக்களைப் பயிற்றும் கருவியாகக் கண்டனர். கொள்கைகள் முரண்பட்டன, எனினும், எளிய மனிதரின் அன்றாட வாழ்வைக் காட்டி அரசின் கருத்தை ஏற்கச் செய்யும் உத்தி இரு தரப்புக்கும் பொதுவாயிற்று.

மலாயாத் திரைப்படப் பிரிவு 1946இல் தொடங்கப்பெற்றது. ஈராண்டு கழித்து, 1948 ஜூன் 16இல், சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. போர் காட்டில் நடந்ததாயினும், அதன் வெற்றி காட்டோர மக்களின் மனத்தைப் பொறுத்திருந்தது. எனவே, இப்பிரிவின் பணி பெருகியது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கத்தைக் களமாகக் கொண்ட ‘கிந்தா ஸ்டோரி’ 1949இல் வெளிவந்தது. காட்டோரக் குடியிருப்பாளரின் மறுகுடியேற்றத்தைப் புதுவாழ்வாகக் காட்டும் ‘எ நியூ லைஃப்’ 1951இல் வெளிவந்தது.

இத்தகைய படங்களின் அமைப்பில் மூன்று கூறுகளைக் காணலாம். முதலில் அச்சம் காட்டப்படும். அடுத்து அரசின் கை நீளும். இறுதியில் பள்ளி, மருந்தகம், குழாய்நீர் ஆகியன அமைந்த ஒழுங்கான வாழ்வு தோன்றும். இம்மூன்றையும் இணைப்பது பின்னணிக் குரலே. ஒரே காட்சிக்கு ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என வெவ்வேறு மொழிகளில் உரை சேர்க்கப்பட்டது. திரையில் தோன்றும் தொழிலாளி வாய்திறவான். அவன் வாழ்வின் பொருளை வேறொருவர் உரைப்பார். அவ்வுரை தன் தாய்மொழியில் ஒலித்தமையால் கேட்போர்க்கு அது அரசின் குரலாகத் தோன்றாது, தம்மவர் குரலாகவே தோன்றியிருத்தல் கூடும்.

திரையில் இடம்பெறாதன யாவை என்பதும் கருதத்தக்கது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ 5 இலட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சீனர். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டு வேலியிடப்பட்டன. முள்வேலி பாதுகாப்பின் அடையாளமாகப் படத்தில் விளங்கலாம். ஊரடங்கு, வாயிற்சோதனை, அரிசிக் கட்டுப்பாடு ஆகியவற்றோடு அதனுள் வாழ்ந்தோர்க்கோ அதன் பொருள் வேறு. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டார். கூலி, சங்க உரிமை ஆகியன பற்றிய தோட்டத் தமிழரின் கேள்விகளுக்கு ‘நல்வாழ்வு’ பேசிய படங்களில் விடை கிடைப்பதரிது.

எதிர்த்தரப்பும் தமிழை மறந்ததில்லை. சீனத்தின் ஹுனான் பகுதியிலிருந்து 1969 முதல் 1981 வரை இயங்கிய ‘மலாயாப் புரட்சியின் குரல்’ வானொலி தமிழிலும் ஒலிபரப்பியது. ஆகவே, ஒரே மொழி இரு முகாம்களுக்கும் கருவியாயிற்று. இரண்டிலும் தோட்டத் தமிழர் கேட்போராகவே கருதப்பட்டனர். பேசுவோராகும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே வாய்த்தது.

எனினும், இப்படங்களைப் பொய்யென ஒதுக்குதல் பிழையாகும். பால்மரம் சீவும் கத்தி, தலையில் கட்டிய துணி, பால் வாளி, லயத்தின் அமைப்பு, பிள்ளைகளின் உடை ஆகியவற்றை அக்காலத் தோட்ட வாழ்வின் சான்றுகளாக இவற்றில் தேடலாம். ஆய்வாளர் முதலில் ஒலியை நீக்கிவிட்டுக் காட்சியை மட்டும் காண்பது நன்று. பின்னர் உரையைத் தனியே கேட்டல் வேண்டும். காட்சி அன்றைய வாழ்வுக்குச் சான்று; அதுவும் தெரிந்தெடுக்கப்பட்ட சான்றே. உரையோ அரசின் விருப்பத்திற்குச் சான்று. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள இடைவெளியிலேயே வரலாறு மறைந்துள்ளது.

அவ்விடைவெளியை நிரப்பவல்லவர் அன்று திடலில் அமர்ந்து படம் பார்த்தோரே. பிரிவு 1963இல் ஃபீலம் நெகாரா மலேசியா எனப் பெயர் பெற்றது. படச்சுருள்களைக் காப்பகங்கள் காக்கலாம். பார்த்தவர் நினைவைக் காக்கும் காப்பகம் இல்லை. செபராங் பிறைத் தோட்டங்களில் பிறந்து இன்று எண்பதைக் கடந்து பட்டணத்து வீடுகளில் வாழும் முதியோரிடம், எதைக் கண்டு வியந்தனர், எதை நம்ப மறுத்தனர், எங்கே சிரித்தனர் என நம் மாணவர் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். அக்குரல் இல்லையெனில், அவர்தம் வாழ்வைப் பற்றி நமக்கு எஞ்சுவது அரசின் பின்னணி உரை ஒன்றே.