உங்களுக்குத் தெரியுமா? நேயர் காசில் ஓடும் ரேடியோ

● எஃப்.எம். நிலையத்தைப் பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் ஒலிபரப்புச் செலவு ஒன்றுதான். இணைய வானொலியில் நேயர் கூடக்கூட பில்லும் ஏறும். அமெரிக்காவில் 2002-ல் விதித்த ராயல்டி, ஒரு பாட்டுக்கு ஒரு நேயருக்கு 0.07 சென்ட். அற்பக் காசு என்று தோன்றுகிறதா? மணிக்கு 15 பாட்டு, ஆயிரம் நேயர் என்று கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு 252 டாலர்! அதே பாட்டை எஃப்.எம்.மில் போட்டால், பாடியவருக்கும் ஒலிப்பதிவு நிறுவனத்துக்கும் ஒரு சென்ட்கூடத் தர வேண்டியதில்லை என்கிறது அந்நாட்டுச் சட்டம். சின்ன நிலையங்களுக்கு இது பெரிய அநியாயம்.

● அந்தக் கட்டணத்தால் 2002 ஜூனில் வாயடைத்துப் போனது சான் பிரான்சிஸ்கோவின் சோமா எஃப்.எம். என்ற இணைய வானொலி. சின்ன நிலையங்கள் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டினால் போதும் என்று வழி பிறந்ததும், அந்த ஆண்டு முடிவதற்குள் மீண்டும் ஒலித்தது. இன்றுவரை விளம்பரம் கிடையாது, நேயர்களின் நன்கொடைதான்.

● கலிஃபோர்னியாவில் 2000-ல் ஒரு தம்பதி தொடங்கிய ரேடியோ பாரடைஸும் அதே வழிதான்.

● இந்த வழி இணையத்துக்கு முந்தியது. பெர்க்லியில் லூயிஸ் ஹில் 1949-ல் தொடங்கிய கே.பி.எஃப்.ஏ. வானொலி, பணமில்லாமல் 1950-ல் நின்றுபோனது. நேயர்கள் கைகொடுக்க, 1951-ல் திரும்பி வந்தது.

● நியூயார்க்கின் புரூக்ளினில் முக்கோணமாக ஒரு காலிமனை. அதில் ஒரு பழைய கப்பல் கன்டெய்னர். உள்ளே டி.ஜே. இசைத்தட்டுச் சுழற்ற, பக்கத்திலேயே காபிக் கடை. 2016-ல் தொடங்கிய 'தி லாட் ரேடியோ' இதுதான். காபி குடிக்க வருபவர் தரும் காசு நிலையத்துக்குப் போகிறது. நின்று கேட்கலாம், கிளம்பிப் போகலாம். யாரும் உண்டியல் நீட்டுவதில்லை. இடத்தையே வருமானமாக்கிய இந்த யோசனைதான் என்னை மிகவும் கவர்ந்தது.

● நியூஜெர்சியின் டபிள்யூ.எஃப்.எம்.யூ.வில் டி.ஜே.க்களுக்குச் சம்பளமில்லை. ஆண்டுதோறும் நடக்கும் 'மாரத்தான்' நாட்களில் அவர்களே மைக்கில் நிதி கேட்பார்கள். கொடுத்தவர்களுக்கு டி-ஷர்ட் உண்டு, டி.ஜே. தன் கையால் தொகுத்த பாடல்களும் உண்டு. கடையில் கிடைக்காத பரிசு அது.

● ஒரே தடவை வரும் பெரிய நன்கொடையைவிட, மாதாமாதம் வரும் சின்னத் தொகைக்கு மதிப்பு அதிகம். சர்வர் வாடகை மாதாமாதம்தான் கட்ட வேண்டும்.

● 2007 ஜூன் 26. ராயல்டி உயர்வை எதிர்த்து, அமெரிக்காவின் இணைய வானொலிகள் பல அன்று பாட்டை நிறுத்திவிட்டன. எதற்காக நிறுத்தினோம் என்று நேயர்களிடம் சொல்லவும் செய்தன.