காப்பி பாதியில் நின்றால் கைவிடாதீர்கள்

குழந்தைகளின் புகைப்படங்கள், கல்யாண வீடியோ, சங்க ஆண்டு விழா நாடகம் என்று எல்லாவற்றையும் இப்போது கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அடைத்து அலமாரியில் வைத்துவிடுகிறோம். புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, அதற்கு மாற்ற முயலும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது. பாதிவரை ஓடிய காப்பி அப்படியே நிற்கும். திரையிலிருந்து டிஸ்கின் பெயரே மறைந்துவிடும். உடனே 'டிஸ்க் போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறோம். போனது டிஸ்க்தானா என்று பார்ப்பவர்கள் குறைவு.

தில்லியில் சங்க அன்பர்கள் வீடுகளில் இத்தகைய டிஸ்குகளைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவற்றில் பலவற்றில் டிஸ்க் நன்றாகவே இருந்தது. கேபிளோ, மின்சாரமோதான் காலை வாரியிருந்தது.

ஏன் காப்பியின்போது மட்டும்?

ஒரு படத்தைத் திறந்து பார்க்க டிஸ்குக்கு ஒரு நொடி வேலை. மொத்தமாகக் காப்பி செய்வது மணிக்கணக்கான வேலை. தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை இடைவிடாமல் சுழல, படிக்கும் முனை அங்குமிங்கும் ஓடுகிறது. மின்சாரம் அதிகம் வேண்டும், சூடும் ஏறும். யு.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும், 3.0 போர்ட் 900 கொடுக்கும். தனி அடாப்டர் இல்லாத ஹப் ஒன்றில் மவுஸ், பிரிண்டரோடு டிஸ்கையும் செருகினால், அந்த அளவையும் எல்லாம் பங்குபோட்டுக்கொள்ளும். போதாதபோது டிஸ்க் ஒரு கணம் அணைந்து எழும். நமக்கு அது 'காணாமல்' போனதாகத் தெரியும்.

ஆர்.கே.புரத்தில் ஒரு மாமி. காலமான கணவர் வீட்டில் பாடிப் பதிவுசெய்த கேசட்டுகளைப் பிள்ளை ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக் கொடுத்திருந்தார். கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. ஆகவே அந்தக் குரல் இருந்தது இந்த ஒரு டிஸ்கில்தான். காப்பி செய்யும்போதெல்லாம் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். நேரு பிளேஸில் ஒரு கடையில் 'உள்ளே தட்டு போய்விட்டது, திறக்க வேண்டும்' என்று இருபதாயிரம் ரூபாய் கேட்டார்களாம்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும். அதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். 5, 197, 198 ஆகிய மூன்று வரிசைகளைப் பார்க்க வேண்டும். கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய இடங்களின் கணக்கு அங்கே இருக்கும். மாமியின் டிஸ்கில் மூன்றும் பூஜ்யம். அதனால் சந்தேகம் வெளியே திரும்பியது. நீளமான பழைய கேபிளை எடுத்துவிட்டுக் குட்டையான புதுக் கேபிள் போட்டேன். கம்ப்யூட்டரின் முன்பக்கத்தை விட்டு, மதர்போர்டோடு நேராக இணைந்த பின்பக்கப் போர்ட்டில் செருகினேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் வந்துவிட்டது. "இந்த ஒயருக்கா இருபதாயிரம் கேட்டான்?" என்றார் மாமி.

ஆகவே, முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு போர்ட்டை, பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் முயலுங்கள். பெரிய டிஸ்குக்குத் தனி அடாப்டர் இருந்தால், அதே வோல்ட் அளவுள்ள வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். தில்லி மே மாதத்தில் மதிய வேளையில் இந்த வேலை வேண்டாம். பல கையடக்க டிஸ்குகளுக்குச் சொல்லப்படும் சுற்றுப்புற வெப்ப வரம்பு 35 டிகிரிதான். விடியற்காலையில், மின்விசிறிக் காற்றில் வைத்துச் செய்யுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சின்ன ஃபைல்கள் ஏறுகின்றன, பெரிய வீடியோ மட்டும் ஏற மறுக்கிறது என்றால், ஏறவேண்டிய டிஸ்கோ பென்டிரைவோ 'ஃபாட்32' முறையில் இருக்கலாம். 4 ஜி.பி. அளவுள்ள ஃபைலை அது ஏற்காது. 'எக்ஸ்-ஃபாட்' முறைக்கு மாற்றினால் சரியாகும். ஆனால் மாற்றும்போது அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

டிஸ்கே நோயாளியானால்

197-ஆம் வரிசையின் எண் ஏறிக்கொண்டே போகிறது, குறிப்பிட்ட ஃபைல்களில் மட்டும் காப்பி தவழ்கிறது என்றால், நோய் டிஸ்கில்தான். அப்போது 'ஃபார்மேட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் கூடாது என்று சொல்லுங்கள். 'செக்டிஸ்க்' ஓட்டிச் சரிசெய்யலாம் என்று பலர் யோசனை சொல்வார்கள். டிஸ்க் முழுவதையும் துருவிப் படிக்கும் வேலை அது. தளர்ந்த டிஸ்க் அதிலேயே உயிரை விடலாம். முதலில் காப்பாற்றுவது, பழுது பார்ப்பது பிறகு. ஈடு இல்லாதவற்றைச் சிறு சிறு ஃபோல்டர்களாக முதலில் எடுங்கள். சினிமாப் படங்கள் காத்திருக்கட்டும். லினக்ஸ் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவசக் கருவியைக் கேளுங்கள். நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். நடுவில் மின்சாரம் போனாலும், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

'டிக், டிக்' என்று தட்டும் சத்தம் கேட்டால் அந்த நொடியே பிடுங்கிவிடுங்கள். படிக்கும் முனை தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. முனை பழுதானால் ஒவ்வொரு சுற்றிலும் தட்டைக் கீறக்கூடும். ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் வைத்தியமும் வேண்டாம். உள்ளே ஈரம் படியும். தூசியற்ற அறை உள்ள மீட்பு நிலையத்தில்தான் அதைத் திறக்க வேண்டும். அதற்குப் பணம் ஆகும். திரும்பி வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

கடைசியாக ஒன்று. இடம் மாற்றும்போது 'கட்' செய்யாதீர்கள். 'காப்பி' செய்து, திறந்து பார்த்து, அதன்பிறகே பழையதை அழியுங்கள். ஈடு இல்லாத எதுவும் ஒரே டிஸ்கில் இருக்கக் கூடாது. ஒரு பிரதி தில்லியில், ஒரு பிரதி ஊரில் தம்பி வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கட்டும். அடுத்த விடுமுறைக்கு ரயில் ஏறும்போது, ஊறுகாய் ஜாடி வாங்கிவரப் போகும் பையில் ஒரு டிஸ்கையும் போட்டுக்கொள்ளுங்கள்.