மறதியும் மூளை ஸ்கானும்

"அம்மாவுக்கு ஸ்கான் எடுத்தாச்சு, ஒன்றும் இல்லையாம். அப்ப ஏன் கேத்திலை அடுப்பில வைச்சிட்டு மறக்கிறா?" நிகழ்ச்சி முடிந்தபின் ஒரு சகோதரி தொலைபேசியில் கேட்டார். நான் வைத்தியர் அல்ல, கணக்காளர். ஆனாலும் எங்கள் மாமியோடு மெமரி கிளினிக்குக்கு அலைந்தவன்.

உலகில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சி.ரி. ஸ்கான் எடுக்கப்பட்டது நம் விம்பிள்டனில்தான். 1971 ஒக்ரோபர் 1ஆம் திகதி, அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில். கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்ட், இசைத்தட்டு வெளியிட்ட அதே ஈ.எம்.ஐ. கம்பனியின் பொறியியலாளர்.

ஸ்கான் மறதியை அளப்பதில்லை. விழுந்ததில் மண்டைக்குள் இரத்தம் உறைந்திருக்கிறதா, கட்டி உண்டா, நீர் தேங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இவற்றிற் சில சிகிச்சையால் சரியாகக்கூடியவை. அடுத்தது, எந்த வகை என்பது. அல்சைமர் என்றால் புதிய நினைவுகளைப் பதியும் ஹிப்போகாம்பஸ் பகுதி சுருங்கியிருக்கலாம். நீரிழிவு, பிரஷர் உள்ளவர்களுக்கு, எங்கள் ஆட்களில் யாருக்குத்தான் இல்லை, சிறு இரத்தக்குழாய்கள் பழுதான அடையாளம் தெரியலாம். ஆனால் தொடக்கத்தில் படம் சாதாரணமாகவும் இருக்கலாம். ஐந்தொகை ஒரு நாளின் நிலையைத்தான் காட்டும். அதனால்தான் லண்டன் ஆய்வாளர் நிக் ஃபொக்ஸ் போன்றோர் 1990களில், கால இடைவெளியில் எடுத்த இரண்டு எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்டுச் சுருக்கத்தின் வேகத்தை அளந்தார்கள்.

மாமியின் கதைக்கு வருகிறேன். எம்.ஆர்.ஐ.க்கு முன் ஒரு படிவம் தந்தார்கள். உடம்பில் உலோகம் உண்டா என்ற கேள்விக்கு நான்தான் 'இல்லை' என்று போட்டேன். உடுப்பு மாற்றப் போகும்போது மாமி மெதுவாக, "தம்பி, தோளில அந்த ஷெல் துண்டு இருக்கெல்லே" என்றா. 1987இல் பட்டதாம். இருபது வருடத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்குத் தெரியாது! எம்.ஆர்.ஐ. பெரியதொரு காந்தம், துண்டு அசையலாம், சூடாகலாம். அன்று நிறுத்திவிட்டு, காந்தம் இல்லாத சி.ரி.யைப் பிறகு எடுத்தார்கள். படிவம் நிரப்ப முதல் உங்கள் வீட்டுப் பெரியவர்களைத் தனியே இருத்திக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லமாட்டார்கள்.

அந்தச் சகோதரிக்கு நான் சொன்னது: எந்தத் திகதியில் என்ன மறந்தா என்று ஒரு கொப்பியில் எழுதி, மறுபடி ஜி.பி.யிடம் போங்கள். நினைவுப் பரிசோதனைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், பணம் கட்டத் தேவையில்லை. பேரப்பிள்ளையை இருத்தவேண்டாம். எங்கள் பேரன் பாதி விடையைத் தானே சொல்லிக்கொடுத்துவிட்டான்.