பசித்தவர் பங்கும் கண்காணிப்பின் பொறுப்பும்

ஈகையைத் தனி அதிகாரமாகவே வகுத்தார் வள்ளுவர். ஈந்த பொருள் உரியவர் கையைச் சென்றடைந்ததா எனப் பார்ப்பதும் ஈகையின் ஒரு கூறேயாகும். பிறர்பொருட்டு ஒப்படைக்கப்பட்ட பொருளை நாம் அமானிதம் என்கிறோம். அயல்நாட்டு உணவு உதவியும் அத்தகையதே. அதனைக் காப்பவர் யார்? காப்பவரைக் கண்காணிப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு எத்தியோப்பிய நாட்டு நிகழ்ச்சிகள் தக்க விளக்கமாக அமைகின்றன.

அபிசீனியா எனப் பண்டு வழங்கிய அந்நாட்டின் வடபகுதி திக்ரே. 2020 நவம்பரில் அங்கு மூண்ட போர், 2022 நவம்பரில் பிரிட்டோரியா உடன்படிக்கையால் ஓய்ந்தது. போர் ஓய்ந்தும் பசி ஓயவில்லை. உதவியாக வந்த கோதுமை சந்தையில் விற்கப்படுவதாகவும், வணிக மாவாலைகளில் அரைபடுவதாகவும் செய்திகள் எழுந்தன. 2023 மே மாதத்தில், அமெரிக்க அரசின் உதவி நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் திக்ரேக்கான உதவியை நிறுத்திவிட்டதாக அறிவித்தன. ஜூன் மாதத்தில் அத்தடை நாடு முழுமைக்கும் விரிந்தது.

முறைகேடு எவ்வாறு இயன்றது? பயனாளிகள் பட்டியலை வகுத்தவர்கள் உள்ளூர் அலுவலர்கள். கிடங்கும் பங்கீடும் பெரும்பாலும் அரசின் பொறுப்பிலேயே இருந்தன. பட்டியல் எழுதுவோரும் பண்டகம் காப்போரும் ஒரே தரப்பினராயின், தவற்றைச் சுட்டிக்காட்ட வேறெவரும் இரார். திருட்டு பரவலானது, ஒருங்கிணைந்து நடத்தப்பட்டது என்பது அமெரிக்க நிறுவனத்தின் குற்றச்சாட்டு. பழியைத் தன்மேல் மட்டும் சுமத்துதல் தகாது என்றும், உதவியை நிறுத்துவது கோடிக்கணக்கான எளியோரைத் தண்டிப்பதாகும் என்றும் எத்தியோப்பிய அரசு மறுத்துரைத்தது.

அம்மறுப்பின் பிற்பகுதியை எளிதில் புறந்தள்ள இயலாது. அந்நாட்டில் உணவு உதவியை நம்பியிருந்தோர் ஏறத்தாழ 2 கோடிப் பேர். திக்ரே, அம்ஹாரா பகுதிகளில் ஏறத்தாழ 400 பேர் பட்டினியால் மாண்டதாக 2024 ஜனவரியில் அந்நாட்டின் மக்கள் குறைதீர்ப்பாளர் அறிவித்தார். வறட்சியும் போரின் அழிவும் அதற்குக் காரணங்களே. எனினும், திருடியவர் உண்டிருக்க, திருடாதவர் பட்டினி கிடந்தார் என்பதை மறைக்கவியலாது.

2023 இறுதியில் உதவி மீண்டும் தொடங்கியது. பட்டியல் வகுப்பதும் கிடங்கைக் காப்பதும் அரசிடமிருந்து விலக்கப்பட்டன. பயனாளிகள் மின்னணு முறையில் பதிவு செய்யப்பட்டனர்; மூட்டைகளுக்கும் அடையாளம் இடப்பட்டது. இவை முன்னரே செய்யத்தக்கவை என்பதே இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம். தடை விதித்த அமெரிக்க உதவி நிறுவனமும் 2025 ஜூலையில், எஞ்சிய பணிகளை அந்நாட்டு அயலுறவுத் துறையிடம் ஒப்படைத்து முடிவெய்தியது.

கண்காணிப்பு தளரின் பசித்தவர் பங்கு களவு போகும்; களவுக்கு அஞ்சி ஈகையை நிறுத்தினாலோ, அப்பங்கே இல்லாதொழியும். ஆதலின், கதவை அடைப்பதன்று, கணக்கைத் திறந்து வைப்பதே அறிவுடைமை. சங்கத்தின் பொறுப்பேற்கும் மாணவர்க்கும், அறநிலையங்களை நடத்தும் பெரியோர்க்கும் இவ்வுண்மை ஒருங்கே பொருந்துவதாகும்.