பனிக்காலத்தில் பக்ஷிகளைக் கவனித்தல்

சென்னை மூலக்கொத்தளத்திற்கு வடக்கே எண்ணூர் முகத்துவாரமும், அதற்கப்பால் பழவேற்காடு ஏரியும் உள்ளன. ஐப்பசி முதல் மாசி வரையில் வடதேசங்களினின்று வலசை வரும் உள்ளான்களும் வாத்துகளும் இப்பிரதேசத்தில் தங்குகின்றன.

இவற்றைப் புதிதாகக் கவனிக்க விரும்புவோர்க்குத் தூரதிருஷ்டிக் கண்ணாடி கட்டாயமன்று. விடியற்காலையில் சூரியனுக்கு முதுகு காட்டி அசையாது நின்று, பக்ஷியின் அலகு, கால், வால், இரை தேடும் விதம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும்.

இது வெறும் பொழுதுபோக்கன்று. நத்தைகுத்தி நாரை நெல்வயலில் நத்தைகளைத் தின்கிறது. இரட்டைவால் குருவி பூச்சிகளைப் பறந்து பிடிக்கிறது. அது உட்காரும்படி வயலில் குறுக்குக் கட்டை வைத்த கம்புகளை நடுதல் நலம்; கதிரில் பால் பிடிக்குமுன் அவற்றை அகற்றிவிட வேண்டும். இன்ன பக்ஷி இன்னதைத் தின்னுமென அறியாதவர் நண்பனையும் பகைவனென்று விரட்டுவர்.

செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கல் குடிகள் இதை முன்பே அறிந்திருந்தனர். பக்ஷிகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாதலின், துப்பாக்கி வேட்டையைத் தடுக்கக் கோரி, 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் உத்தரவு பெற்றனர்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்களின் இறகுகள் கறுத்தன. மீனவரின் வலைகளும் படகுகளும் பாழாயின. நீரின் கேடு பக்ஷிக்கும் மனிதனுக்கும் பொதுவே.

ஆகையால் கிராம அதிகாரிகள் ஆண்டுதோறும் தை மாதத்தில் தங்கள் ஏரியின் பக்ஷிகளை எண்ணிப் பதிவு செய்வதும், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் குடிகளுக்கு எடுத்துரைப்பதும் மிகுந்த பயன் தரும்.