முத்திரைக்குள் முழங்கும் லத்தீன்!

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் பஸ் ஏறியவர்களுக்குப் பாலாறு செக்போஸ்ட் தெரிந்திருக்கும். அதைத் தாண்டினால் கர்நாடக அரசுப் பலகைகளில் இரண்டு தலையோடு ஒரு பறவை! மைசூர் உடையார்களின் கண்டபேருண்டம் அது. அரச குடும்பத்தின் இலச்சினையில் அதோடு என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'ந பிபேதி கதாசன'. ஒருநாளும் அஞ்சுவதில்லை என்று அர்த்தம். தைத்திரீய உபநிடதத்திலிருந்து எடுத்தது.

அந்த மலை அடங்கிய கொள்ளேகால் தாலுகா 1956 வரை கோவை மாவட்டம் என்பது தெரியுமா? அப்போது பட்டம் என்றால் சென்னைப் பல்கலைக்கழகம்தான். 1857-இல் பிறந்த அதன் முத்திரையில் லத்தீன். 'உள்ளே கிடக்கும் திறனைக் கல்வி வளர்க்கும்' என்பது கருத்து. சொன்னவர் ரோமானியக் கவிஞர் ஹொரேஸ். அதுவும் எங்கே? பேரரசர் அகஸ்டஸின் வளர்ப்பு மகன் துரூசுஸைப் புகழும் பாட்டில்! வீரர் குலத்தில்தான் வீரன் பிறப்பான் என்று குலப்பெருமை பேசிவிட்டு, 'ஆனாலும்' என்று திரும்புகிற இடம் அது. பல்கலைக்கழகம் அந்த 'ஆனாலும்' என்ற சொல்லை மட்டும் நைசாகக் கழற்றிவிட்டது! நல்ல காரியம்தான்.

1956-இல் தாலுகா மைசூர் மாநிலத்துக்கு மாறியது; 1916-இல் தொடங்கிய மைசூர்ப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் வாசகம் கீதையிலிருந்து: அறிவுக்கு நிகர் எதுவுமில்லை. லத்தீன் போய் சமஸ்கிருதம். இரண்டுமே அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் பேசாத மொழி என்பது வேறு விஷயம்.

லத்தீன் முழங்கும் இடங்கள் இன்னும் உண்டு. அப்துல் கலாம் படித்த திருச்சி புனித வளனார் கல்லூரிக்கு 'நன்மைக்காகவும் உண்மைக்காகவும்'. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் 'இன் ஹாக் சிக்னோ'வோ பாதி வாக்கியம்! 'இந்தச் சின்னத்தால்' என்பதோடு நின்றுவிடும். 'வெல்வாய்' என்ற மீதி, மன்னன் கான்ஸ்டன்டைன் கதையில் இருக்கிறது. பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளிப் பையன்கள் பாடுதான் திண்டாட்டம்: 'நெக் டெக்ஸ்ட்ரோர்சும் நெக் சினிஸ்ட்ரோர்சும்'. வலமும் சாயாதே, இடமும் சாயாதே என்பதற்கு இவ்வளவு நாக்குச் சுளுக்கு!

எனக்குப் பிடித்தது கொழும்பு ராயல் கல்லூரியின் லத்தீன் வாசகம். படி, இல்லாவிட்டால் நடையைக் கட்டு! அவ்வளவுதான். இங்கிலாந்தின் வின்செஸ்டர் பள்ளிச் சுவரில் இதே லத்தீன் இன்னும் நீளமாக, படத்தோடு இருக்கிறது. படிப்பவனுக்கு ஆயரின் மகுடமும் செங்கோலும். கிளம்புகிறவனுக்கு வாளும் மைக்கூடும். இரண்டும் செய்யாதவனுக்கு மூன்றாவது வழி: அடி வாங்கு! பக்கத்திலேயே பிரம்பு.