நகரமும் நோயும் – 9: ‘வெறும் நிமோனியாதான்’

2020 பிப்ரவரி 1ஆம் தேதி சிங்கப்பூரில் ஒரு பங்ளாதேஷ் ஊழியருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. 3ஆம் தேதி ஒரு மருந்தகத்துக்குப் போனார். 5ஆம் தேதி சாங்கி பொது மருத்துவமனை. 7ஆம் தேதி பிடோக் பலதுறை மருந்தகம். அன்றே மீண்டும் சாங்கி, இந்த முறை படுக்கையோடு. மறுநாள் கொரோனா உறுதியானது. சுகாதார அமைச்சின் கணக்கில் அவர் 42ஆவது நோயாளி. மருத்துவமனையில் சேர்வதற்கு முன் அவர் போய்வந்த இடங்களில் லிட்டில் இந்தியாவின் முஸ்தஃபா சென்டர் கடைத்தொகுதியும் ஒன்று என்று அறிவிப்பு வந்ததும் அங்கே பலருக்கு வயிற்றைக் கலக்கியது. நிமோனியா முற்றி, ஏறக்குறைய இரண்டு மாதம் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவர் ஜூன் கடைசியில்தான் வீடு திரும்ப அனுமதி பெற்றார்.

நிமோனியாவில் நுரையீரலின் காற்றுப்பைகளில் நீரும் சீழும் கோத்துக்கொள்கின்றன. மூச்சை இழுத்தாலும் போதுமான ஆக்சிஜன் ரத்தத்தில் சேர்வதில்லை. கொரோனா ஏற்படுத்தும் நிமோனியாவில் இன்னொரு வில்லங்கம்: ஆக்சிஜன் அபாயகரமாகக் குறைந்த பிறகும் சிலர் தெம்பாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஏற்கெனவே பாக்டீரியா நிமோனியாவில் விழுந்தவருக்கோ, அதிலிருந்து இப்போதுதான் எழுந்தவருக்கோ கொரோனா தொற்றினால் தாக்குப்பிடிக்க நுரையீரலில் மிச்சம் அதிகம் இருக்காது. கொரோனாவில் படுத்தவரைப் பாக்டீரியா பின்னால் வந்து பிடிப்பதும் உண்டு. செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல்.

‘வெறும் நிமோனியாதான்’ என்று விட்டுவிடுவதன் விலை சிங்கப்பூருக்கு முன்பே தெரியும். லிட்டில் இந்தியாவிலிருந்து அதிக தூரமில்லாத டான் டோக் செங் மருத்துவமனையில் 2003 மார்ச் மாதம், ஹாங்காங் போய்வந்த ஓர் இளம்பெண் நிமோனியா என்று சாதாரண வார்டில் சேர்க்கப்பட்டார். அது சார்ஸ். உறவினர், தாதியர், பக்கத்துப் படுக்கைக்காரர் என்று பரவி, நாட்டில் 238 பேரைத் தொற்றி 33 பேரைக் கொன்றது. அந்தச் சூடு மறக்காததால்தான் 2020இல் வெளிநாடு போகாத நிமோனியா நோயாளிகளுக்கும் கொரோனா சோதனை செய்தார்கள். என் கணிப்பில், எல்லை மூடலைவிட இது புத்திசாலித்தனமான முடிவு.

மார்ச் 21ஆம் தேதி சிங்கப்பூரின் முதல் இரண்டு கொரோனா மரணங்கள் அறிவிக்கப்பட்டன. 75 வயதுப் பெண்மணி நிமோனியாவோடு அனுமதிக்கப்பட்டவர். 64 வயது இந்தோனேசியர் தம் நாட்டிலேயே நிமோனியாவுக்குச் சிகிச்சை பெற்றுவிட்டு வந்தவர். இருவருக்கும் இதயநோய் வேறு.

2021இல் தெமாசெக் அறநிறுவனம் ரத்தத்தின் ஆக்சிஜனை விரலில் மாட்டி அளக்கும் ஆக்சிமீட்டரை வீட்டுக்கொன்றாகக் கொடுத்தது. எங்கள் வீட்டில் அது சாவிக்கொத்துகளோடு மேசை டிராயரில் கிடக்கிறது. எண் 95க்குக் கீழே போனால் மருத்துவரிடம் பேச வேண்டும். விரலில் நகப்பூச்சு இருக்கக் கூடாது. நம்மவர்களுக்கு இன்னொன்று: தோல் கறுப்பாக இருந்தால் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று இதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. ஆகவே ஓர் எண்ணைப் பார்த்து நிம்மதியடைவதைவிட, காலையில் 98, மாலையில் 95 என்று இறங்குகிறதா என்று கவனிப்பதே மேல்.

கொரோனா ஊசியைப் பற்றி வாய் ஓயாமல் வாதாடிய வீடுகளில் நிமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கான ஊசியின் பேச்சே எழுவதில்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், நீரிழிவு போன்ற நாள்பட்ட நோயுள்ளவர்களுக்கும் அது பரிந்துரைக்கப்படுகிறது. கொரோனாவை அது தடுக்காது. பின்னால் வரும் பாக்டீரியாக்களில் முக்கியமான ஒன்றைத் தடுக்கும். பலதுறை மருந்தகத்தில் கேட்டால் போதும், மானியமும் உண்டு.

(தொடரும்)